உப்புக்காற்று வீசும் வீட்டில் எழுதும் இடத்தைப் புதுப்பித்தல்

விடியற்காலையில் எழுத அமர்ந்து மேசையில் முழங்கையை ஊன்றிய உடனே தோல் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். தாளின் மேல் வைத்த கையை எடுத்தால் தாளும் கூடவே எழும்பி வரும். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி என்று இந்த இராமநாதபுரக் கரையில் எந்த ஊரில் குடியிருந்தாலும் இந்தத் தொல்லையை அறியாதவர் இல்லை. முதல் நாள் மாலையில் நன்றாகத் துடைத்து வைத்த மேசைதானே என்று யோசித்துக்கொண்டே மறுபடியும் துடைக்க எழுந்தால், துடைத்துவிட்டு வருவதற்குள் மனத்தில் திரண்டு வந்த வரி கலைந்துவிடுகிறது.

பல ஆண்டுகளாக மண்டபத்தில் இருந்துகொண்டு எழுதி வரும் நான், எழுத்து நின்றுபோனதாக வருந்தும் நண்பர்களின் வீடுகளுக்குப் போகும்போதெல்லாம் முதலில் அவர்கள் எழுதும் இடத்தைத்தான் பார்ப்பேன். நேரம் இல்லை என்றும் கற்பனை வற்றிவிட்டது என்றும் அவர்கள் சொல்வார்கள். நான் பார்ப்பதோ நமத்துப்போன தாளையும், கண்ணைக் கூசவைக்கும் ஜன்னலையும், காற்றில் தடதடக்கும் கதவையும், மின்கட்டண அட்டையும் மருந்துச் சீட்டும் குவிந்து கிடக்கும் மேசையையும்தான். ஒவ்வொன்றும் சிறிய இடைஞ்சல்தான் என்றாலும், ஐந்தாறு சேர்ந்துவிட்டால் அந்த மூலைக்குப் போகவே மனம் தயங்குகிறது. ஆகவே, எழுதும் இடத்தைப் புதுப்பிப்பது என்று நான் இங்கே சொல்வது புதிய பொருள்களை வாங்கி நிரப்புவதை அல்ல. உப்பும் ஈரமும் காற்றும் வெயிலும் அந்த இடத்துக்குச் செய்திருக்கும் கேட்டை ஒவ்வொன்றாகக் கண்டு நீக்குவதைத்தான்.

முதலில் இடத்தை முழுவதும் காலி செய்ய வேண்டும். மேசை, நாற்காலி, புத்தகங்கள், தொங்கும் காலண்டர் உட்பட எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் திண்ணையிலோ தாழ்வாரத்திலோ வைத்துவிட்டு, வெறும் மூலையை ஒரு நாள் முழுவதும் பார்த்திருப்பது நல்லது. காலையில் வெயில் எங்கே விழுகிறது, மாலையில் எங்கே விழுகிறது, காற்று எந்த ஜன்னல் வழியாக வந்து எதன் வழியாகப் போகிறது, சுவரில் எந்த உயரம் வரை நிறம் மாறியிருக்கிறது என்பதெல்லாம் காலியான இடத்தில்தான் தெளிவாகத் தெரியும். வெளியே எடுத்தவற்றில் எழுத்துக்கு உரியவை எவை, குடும்பக் காரியத்துக்கு உரியவை எவை என்று அப்போதே பிரித்துவிட வேண்டும். குடும்ப அட்டையும் கூட்டுறவுச் சங்கப் பாஸ்புத்தகமும் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலும் பத்திரமாக இருக்க வேண்டியவைதான். ஆனால் அவை எழுதும் மேசையில் இருந்தால் பேனாவை எடுத்ததும் நினைவுக்கு வருவது கட்டவேண்டிய தவணையாகத்தான் இருக்கும்.

உப்பை நீக்குதல்

மேசை பிசுபிசுப்பதற்குக் காரணம் அதன் மேல் படிந்திருக்கும் உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டும்போது சாதாரண உப்பே காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கிவிடும். கடல் உப்பில் மெக்னீசியம் உப்புகளும் கலந்திருப்பதால் அது அதற்கு முன்பே ஈரத்தை வாங்கிக்கொள்ளும். நம் கரையில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டிவிடுகிறது. அதனால்தான் பகலில் காய்ந்திருந்த மேசை விடியும்போது பிசுபிசுக்கிறது. இதில் பலரும் கவனிக்காமல் விடும் செய்தி ஒன்று உண்டு. துடைப்பதற்கு நாம் பயன்படுத்தும் ஆழ்குழாய்த் தண்ணீரே பல ஊர்களில் உப்புத் தண்ணீர். அதில் நனைத்த துணியால் துடைத்தால், காற்று கொண்டுவந்த உப்பை எடுத்துவிட்டுத் தண்ணீரில் இருந்த உப்பைப் பூசியதாகத்தான் ஆகும்.

எனவே எழுதும் மேசைக்கு மட்டுமாவது காவிரிக் குடிநீரிலிருந்தோ பிடித்து வைத்த மழைநீரிலிருந்தோ ஒரு சொம்பு எடுத்துக்கொள்ள வேண்டும். துணி இரண்டு வேண்டும். ஒன்றை நனைத்து இறுகப் பிழிந்து துடைத்து, மறுபடியும் நல்ல தண்ணீரில் அலசி இன்னொரு முறை துடைத்த பிறகு, ஈரம் உலர்வதற்குள் மற்றொரு காய்ந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். தானாக உலரும்படி விட்டால் கரைந்த உப்பு மேசையிலேயே தங்கிவிடும். நாற்காலியின் கைப்பிடி, ஜன்னல் கட்டை, மின்விசிறியின் இறக்கை ஆகியவற்றையும் இப்படியே துடைக்க வேண்டும். விசிறி இறக்கையில் உப்பும் தூசும் சேர்ந்து படிந்திருந்தால் விசிறி சுற்றும்போதெல்லாம் அது தாளின் மேல் உதிரும்.

மரமேசையாக இருந்தால், துடைத்து இரண்டு நாள் நிழலில் உலர்த்தியபின் ஆளிவிதை எண்ணெயை மிக மெல்லியதாகத் தேய்த்துவிடலாம். பெயிண்ட் கடைகளில் லின்சீட் ஆயில் என்று கேட்டால் கொடுப்பார்கள். அது காற்றில் உறைந்து மெல்லிய படலமாகிவிடும். தேங்காய் எண்ணெய் அப்படி உறையாமல் தாளில் கறையாக ஏறும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியை மட்டும் சுருட்டி மூலையில் போட்டுவிடக் கூடாது. சுருட்டிய துணி தானாகவே சூடேறித் தீப்பற்றிவிடும் என்பதால், அதை வெளியே விரித்துக் காயவைத்த பிறகே எறிய வேண்டும்.

புதிதாக மேசை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறேன். மரத்தூளை அழுத்திச் செய்யும் பலகைகள் கடைகளில் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஓரத்தில் ஈரம் ஏறியதும் ஊறி உப்பிவிடுகின்றன. கடலோரத்திலேயே வளரும் பூவரசும், பூச்சி எளிதில் அண்டாத வேம்பும் இந்தக் காற்றுக்குப் பழகிய மரங்கள். ஆணிக்குப் பதிலாகப் பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி போடச் சொல்லித் தச்சரிடம் முதலிலேயே பேசிவிட வேண்டும்.

சுவர்

மேசையை மீண்டும் கொண்டுவந்து போடுவதற்கு முன் சுவரைச் சோதிக்க வேண்டும். ஓர் அடி நீள அகலமுள்ள பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் காற்றுப் புகாதபடி ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் நிலைமை புரிந்துவிடும். தாளின் உட்புறத்தில் நீர்த்துளி கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது, அதாவது ஓதம் ஏறியிருக்கிறது என்று பொருள். வெளிப்புறத்தில் கோத்திருந்தால் அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்து படிகிறது. அதற்குக் காற்றோட்டமே மருந்து.

ஓதம் ஏறிய சுவரின் மேல் பளபளப்பான பெயிண்ட் அடிப்பதும் பிளாஸ்டிக் பலகை ஒட்டி மறைப்பதும் நோயை மூடி வைப்பது போன்ற செயல்கள். உள்ளே அடைபட்ட ஈரம் உப்பைத் தள்ளிக்கொண்டு வந்து, ஓர் ஆண்டுக்குள் பெயிண்டைப் பொரிபொரியாகப் பெயர்த்துவிடும். கடல்மணல் கலந்து பூசிய சுவர்களிலும், பவளக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய பழைய வீடுகளுக்குப் பின்னாளில் சிமெண்ட் பூசிய சுவர்களிலும் இதை நான் கண்டிருக்கிறேன். பூத்திருக்கும் உப்பைக் காய்ந்த தூரிகையால் தேய்த்து முறத்தில் பிடித்து வெளியே கொட்ட வேண்டும். கழுவினால் உப்பு கரைந்து மறுபடியும் சுவருக்குள்ளேயே போய்விடும். பிறகு நீற்றிய சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி மெல்லியதாக இரண்டு பூச்சு அடித்தால் சுவர் மூச்சுவிடும். உள்ளே உள்ள ஈரம் மெல்ல வெளியேறும். சுண்ணாம்பு கண்ணில் தெறித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கடலோர வெளிச்சத்தில் தூய வெள்ளைச் சுவர் கண்ணைக் கூசச் செய்யும் என்பதால், ஜன்னலுக்கு எதிரே உள்ள சுவருக்கு மட்டும் சுண்ணாம்பில் சிறிது மஞ்சள் காவி கலந்துகொள்வது என் வழக்கம்.

காற்றோடு இடம் மாறும் மேசை

மண்டபம் இரண்டு கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் குறுகிய நிலம். வடக்கே அமைதியான பாக் விரிகுடா. அதைப் பெண்கடல் என்பார்கள். தெற்கே அலை மிகுந்த மன்னார் வளைகுடா, அது ஆண்கடல். வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து மணலையும் உப்புச் சாரலையும் வாரிக்கொண்டு வரும். ஐப்பசி பிறந்த பின் வாடை வடகிழக்கிலிருந்து மழையோடு வரும். இப்படி ஆண்டுக்கு இரண்டு முறை காற்று திசை மாறும் ஊரில், மேசையை ஒரே இடத்தில் நிரந்தரமாகப் போட்டுவைப்பது பொருத்தமில்லை என்பதே என் உறுதியான கருத்து. கச்சான் காலத்தில் தெற்கு, மேற்கு ஜன்னல்களை மூடி வைத்து வடக்கு ஜன்னல் பக்கம் மேசையைப் போட வேண்டும். வாடைக் காலத்தில் அதைத் தெற்குப் பக்கம் நகர்த்த வேண்டும். காற்று அடிக்கும் ஜன்னலை முழுவதும் அடைத்துவிடவும் கூடாது. பழைய வீடுகளில் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் தனித்தனியாகத் திறக்கும் ஜன்னல்கள் இருப்பதன் பயன் இங்கேதான் தெரியும். கீழ்க்கதவை மூடி மேல்கதவைத் திறந்தால் மணல் மேசைக்கு வராது, காற்று மட்டும் தலைக்கு மேலே போகும்.

வெயிலும் இந்த ஏற்பாட்டோடு ஒத்துப்போகிறது. நம் பகுதி நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 9 பாகை வடக்கே இருப்பதால், மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து தெற்கு ஜன்னல் வழியே அறைக்குள் நன்றாக விழும். மழைக்காலத்து ஈரத்துக்கு அந்த வெயில் இதமானது, தாளும் காயும். சித்திரை தொடக்கத்திலிருந்து ஆவணி நடுப்பகுதி வரை சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். ஆகவே வடக்கு ஜன்னலில் வெயிலே வராது என்று நினைத்து மேசையைப் போட்டவர்களுக்கு அந்த மாதங்களில் காலையிலும் மாலையிலும் சாய்வெயில் முகத்தில் அடிக்கும். ஓலைத்தட்டி ஒன்றை வெளிப்புறம் சாய்த்துக் கட்டினால் அது தீர்ந்துவிடும். வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளித்துக் கட்டும்படி சிலர் சொல்வார்கள். உலர்ந்த காற்றுள்ள உள்நாட்டு ஊர்களுக்கு அது மிகவும் ஏற்றது. ஏற்கெனவே ஈரம் நிறைந்த நம் காற்றில் அது அவ்வளவாகக் குளிர்ச்சி தராது; தாளைத்தான் நமுக்கச் செய்யும்.

கடல் தெரியும் ஜன்னல் வாய்த்தவர்கள் அதற்கு நேரெதிரே அமர்ந்து எழுத ஆசைப்படுவார்கள். நானும் அப்படி அமர்ந்திருக்கிறேன். நீரில் பட்டு எதிரொளிக்கும் வெளிச்சத்தால் அரை மணி நேரத்தில் கண் சோர்ந்துவிடும். தாளைப் பார்ப்பதைவிட வள்ளங்களைப் பார்ப்பதிலேயே நேரம் போகும். கடல் இடது தோளுக்குப் பக்கமாக இருக்கும்படி அமர்ந்தால் வலக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு எழுதும் கையின் நிழல் தாளில் விழாது, நிமிர்ந்து திரும்பினால் கடலும் தெரியும். இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் இதை மாற்றிக்கொள்ள வேண்டும். இரவு விளக்குக்கும் இதே கணக்குதான். ஜன்னல் தடதடக்கும் இடங்களில் கொக்கிக்கும் கட்டைக்கும் நடுவே பழைய சைக்கிள் டியூபை வெட்டி மடித்துச் செருகிவிட்டால் சத்தம் அடங்கிவிடும்.

தாளும் மையும் தையலும்

இந்தப் பகுதியைச் சற்று விரிவாகச் சொல்ல எனக்குச் சொந்தக் காரணம் இருக்கிறது. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு தனுஷ்கோடியை அழித்த புயலின்போது பாம்பனில் இருந்த என் அப்பத்தா, அந்த இரவைப் பற்றிச் சொன்னதையெல்லாம் நான் ஒரு கோடுபோட்ட நோட்டில் எழுதி வைத்திருந்தேன். காற்றின் சத்தம் எப்படி இருந்தது, விளக்கை எந்த மாடத்தில் மறைத்து வைத்தார்கள், விடிந்ததும் முதலில் யார் கதவைத் திறந்தது என்பது வரை அதில் இருந்தது. அந்த நோட்டை இரும்பு பீரோவின் அடித்தட்டில் வைத்து, பீரோவை வடக்குச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தேன். ஓர் ஐப்பசி மழை முடிந்து திறந்தபோது நீல மை முழுவதும் ஊறிப் பரவி, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி அப்பம்போல் ஆகியிருந்தன. நடுவில் இருந்த இரண்டு பின்களும் துருப்பிடித்து, பின்னைச் சுற்றித் தாள் பழுப்பேறி உதிர்ந்தது. அப்பத்தா அதற்கு முன்பே காலமாகிவிட்டார்கள். மேல்பகுதியில் இருந்த எட்டுப் பக்கங்களைத்தான் என்னால் படித்து எடுக்க முடிந்தது.

அதன்பிறகு எந்த நோட்டை வாங்கினாலும் எழுதத் தொடங்கும் முன் பின்னை எடுத்துவிட்டு நூலால் தைத்துக்கொள்கிறேன். செய்முறை எளியது. நோட்டை நடுப்பக்கத்தில் விரித்து, மழுங்கிய கத்தியின் முனையால் பின்னின் மடிந்த கால்களை நிமிர்த்தி, முதுகுப்புறமாக இழுத்து எடுக்க வேண்டும். பின் இருந்த இரண்டு துளைகளோடு நடுவில் ஒரு துளை கோணூசியால் போட்டுக்கொள்ள வேண்டும். பருத்தி நூலை மெழுகுவத்தியில் இரண்டு முறை இழுத்து மெழுகேற்றி, ஊசியை உட்புறத்திலிருந்து நடுத்துளை வழியே வெளியே எடுத்து, மேல்துளை வழியே உள்ளே கொண்டுவந்து, உட்புறம் நீளமாக ஓடவிட்டுக் கீழ்த்துளை வழியே வெளியேற்றி, மீண்டும் நடுத்துளை வழியே உள்ளே கொண்டுவர வேண்டும். இப்போது நூலின் இரு முனைகளும் உட்புறத்தில் நடுத்துளையருகே இருக்கும். நீளமாக ஓடும் நூலுக்கு இருபுறமும் ஒவ்வொரு முனை இருக்கும்படி வைத்து, அதன் மேல் இறுக முடிச்சிட்டால் வேலை முடிந்தது. வலை பின்னும் நைலான் நூல் வீட்டில் தாராளமாகக் கிடைக்கும் என்றாலும், அது தாளை அறுத்துவிடும் என்பதால் இதற்கு ஆகாது.

மையைத் தேர்ந்தெடுக்க ஒரு சோதனை போதும். ஒரு வரி எழுதி, ஒரு மணி நேரம் உலரவிட்டு, அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும். கலங்காத மையே இந்தக் கரைக்கு ஏற்ற மை. பால்பாயிண்ட் பேனாவும் பென்சிலும் நீரில் கரைவதில்லை. ஊற்றுப்பேனா மைகளில் பல கரைந்துவிடும். தாள் 80 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 80 கிராம் எடை, என்ற அளவுக்குக் குறையாமல் இருந்தால் ஈரக்காற்றிலும் மை மறுபக்கம் ஊறாது.

எழுதி முடித்தவற்றைக் கைபேசியில் படமெடுத்து, வெளியூரில் இருக்கும் உறவினர் ஒருவருக்கு மாதம் ஒரு முறையாவது அனுப்பிவிட வேண்டும். 2024 நவம்பர் 20ஆம் தேதி ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் தரையோரத்தில் உள்ள எதற்கும் உறுதி சொல்ல முடியாது. கைப்பிரதிகளை மார்பளவுக்கு மேலான தட்டில், சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைப்பதே முறை.

புத்தகங்களுக்கும் இதே நான்கு விரல் இடைவெளி வேண்டும். கண்ணாடிக் கதவு போட்டு இறுக மூடிய அலமாரியைவிடத் திறந்த அலமாரி நல்லது. தூசு சேர்ந்தாலும் தட்டிவிடலாம், பூஞ்சணம் பிடித்தால்தான் கடினம். இராமபாணப் பூச்சி தாளில் உள்ள பசையைத் தின்னும். இருட்டும் ஈரமும் அதற்கு வேண்டும். மாதம் ஒரு முறை புத்தகங்களை எடுத்துப் பிரித்து வைத்தாலே பெரும்பாலும் ஓடிவிடும். இடையிடையே வசம்புத் துண்டுகளையும் காய்ந்த வேப்பிலையையும் வைக்கலாம். அந்துருண்டையின் நெடி உடலுக்குக் கேடு என்பதால், படுத்துறங்கும் அறையில், அதிலும் கைக்குழந்தை உள்ள வீட்டில், அதை வைக்க வேண்டாம்.

இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளின் அவையிலும் கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் ஆதரவிலும் புலவர்கள் எழுதிய ஏடுகள் இதே உப்புக்காற்றில்தான் இருந்தன. ஓலைகளுக்கு எண்ணெய் தடவுவதும், மங்கிய எழுத்தில் விளக்குக்கரியையும் இலைச்சாற்றையும் தேய்த்து மையாடுவதும் அவ்வப்போது செய்ய வேண்டிய வேலைகளாக இருந்தபடியால் ஏடுகளைக் கை தொட்டுக்கொண்டே இருந்தது. சரசுவதி பூசைக்குப் புத்தகங்களை வெளியே எடுத்துத் துடைத்து அடுக்கும் வழக்கமும் வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால்தான் வருகிறது. எந்தச் சமயத்தவராக இருந்தாலும் அந்த வாரத்தில் ஒரு முறையும், மழை ஓய்ந்த பின் தை மாதத்து இளவெயிலில் ஒரு முறையும் புத்தகங்களையும் நோட்டுகளையும் காயவைத்துவிட்டால், ஆண்டின் பெரிய வேலை முடிந்துவிடும்.

மடிக்கணினியில் எழுதுபவர்கள் அதைக் கடல் பக்க ஜன்னலருகே திறந்து வைக்கக் கூடாது. வேலை முடிந்ததும் பருத்தித் துணியால் மூடி வைப்பதோடு, எழுதாத நாள்களிலும் சிறிது நேரம் இயக்கினால் உள்ளே படியும் ஈரம் அந்தச் சூட்டில் உலர்ந்துவிடும். மின்செருகியில் பச்சைக் களிம்பு தெரிந்தால் மின்பணியாளரை அழைத்து மாற்றிவிட வேண்டும்.

கண்ணுக்கும் கைக்கும் எட்டுபவை

கரையில் ஒதுங்கும் பவளத் துண்டுகளையும் கடல்விசிறியையும் கொண்டுவந்து மேசையில் அலங்காரமாக வைப்பவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது, அவற்றைக் கரையிலேயே விட்டுவிடுங்கள் என்பதுதான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986ஆம் ஆண்டு முதல் கடல்வாழ் தேசியப் பூங்காவாக இருக்கின்றன. பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. செத்த பவளம்தானே என்று எடுத்து வைத்திருப்பதும் குற்றமே. சாதாரணக் கிளிஞ்சலாக இருந்தாலும், நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று நாள் மாற்றி மாற்றி ஊறவைக்காமல் மேசையில் வைத்தால் அதன் உள்ளிருக்கும் உப்பு கசிந்து தாளை நனைக்கும். காற்றில் தாள் பறக்காமல் இருக்கப் பழைய பித்தளை எடைக்கல்லோ, கழுவிக் காயவைத்த கூழாங்கல்லோ போதும். இரும்பு எடைக்கல் துருவைத் தாளில் பதித்துவிடும்.

மேசையில் கண்ணுக்கு நேரே ஒரே ஒரு பொருள் இருக்கட்டும். அதுவும் அப்போது எழுதிக்கொண்டிருக்கும் எழுத்தோடு தொடர்புடையதாக இருக்கட்டும். வலைஞர் வாழ்வைப் பற்றி எழுதும்போது நான் ஒரு பழைய வலையூசியை வைத்திருந்தேன். அந்தக் கதை முடிந்ததும் அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். கதை முடிந்த பின்னும் பொருள்கள் தங்கிவிட்டால் மேசை ஓர் ஆண்டில் காட்சிக்கூடமாகிவிடும். கண்ணும் அவற்றைக் கவனிப்பதை நிறுத்திவிடும்.

கற்பனை ஓட உதவும் பொருள்களில் நான் முதலிடம் தருவது தினசரி காலண்டரில் கிழித்த தாளுக்குத்தான். அதன் பின்புறம் வெறுமையாக இருக்கும், உள்ளங்கை அளவுதான், ஒரு நினைப்பை மட்டும் எழுதலாம். நல்ல நோட்டில் எழுதும்போது பக்கம் வீணாகிவிடுமோ என்று கை தயங்குகிறது. கிழித்துப் போட வேண்டிய தாளில் அந்தத் தயக்கமே இல்லை. சந்தையில் கேட்ட ஒரு பேச்சு, கதைமாந்தர் ஒருவருக்குத் தோன்றிய பெயர், எங்கே சேர்ப்பது என்று தெரியாத ஒரு வரி ஆகியவற்றையெல்லாம் ஒவ்வொரு தாளில் எழுதி, பனையோலைக் கொட்டானில் போட்டுவைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கொட்டானைப் பாயில் கவிழ்த்து, தாள்களை இடம் மாற்றி மாற்றி அடுக்கிப் பார்ப்பேன். ஒன்றோடொன்று சேராது என்று நினைத்த இரண்டு தாள்கள் பக்கத்தில் வந்து விழும்போது கதைக்கு வழி திறந்த நாள்கள் பல உண்டு. குண்டூசியும் கிளிப்பும் துருவேறும் என்பதால் இவற்றுக்கு வேண்டாம்.

தனி அறையோ தனி மேசையோ இல்லாதவர்கள்தாம் நம் ஊர்களில் மிகுதி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்; கடலுக்குப் போகும் ஆண்கள் பகலிலும் வீட்டில் இருப்பார்கள்; அப்போது அந்த வீட்டில் எழுதும் பெண்ணுக்கு இருக்கும் மூலையும் பறிபோய்விடும். இப்படிப்பட்டவர்கள் எழுதும் இடத்தையே ஒரு பெட்டிக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். சாயல்குடிப் பக்கம் பின்னும் மூடியுள்ள பனையோலைப் பெட்டியில் நோட்டு, இரண்டு பேனா, காலண்டர் தாள்கள், சிறிய மின்விளக்கு ஆகியவை அடங்கும். ஓலை ஈரத்தை அடைத்து வைக்காது. அதோடு ஒன்றரை அடி நீளமுள்ள பூவரசம்பலகை ஒன்றும் இருந்தால், திண்ணையிலோ மாடியிலோ பாயை விரித்துப் பலகையை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு எழுதலாம். அந்தப் பெட்டியில் வேறு யாரும் எதையும் போடக் கூடாது என்பதை வீட்டில் உள்ளவர்களிடம் முதலிலேயே கனிவாகவும் கண்டிப்பாகவும் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கென்று ஒரு சிறிய கொட்டானும் நாலைந்து தாளும் கொடுத்துவிட்டால் அம்மாவின் பெட்டியைத் தேடி வரமாட்டார்கள்.

நாற்காலி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகு வேர்த்து ஒட்டும். பிரம்பு பின்னிய நாற்காலியில் காற்று ஊடாடும். அமர்ந்து கையை மடக்கினால் முழங்கை மேசையின் மட்டத்துக்கு வர வேண்டும்; பாதம் தரையில் பதிய வேண்டும்.

எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்து அடுக்கிய அன்று மாலையே, மறுநாள் எழுதப்போகும் தாளை எடைக்கல்லின் அடியில் விரித்து வைத்து, தலைப்பில் தேதியையும் கொட்டானிலிருந்து எடுத்த ஒரு வரியையும் எழுதிவிட்டுப் படுக்கப் போகலாம். விடியும்போது துடைக்கும் துணி இரண்டும் ஜன்னல் கம்பியில் காய்ந்திருக்க வேண்டும். புரட்டாசி முடிவதற்குள் மேசை மீண்டும் தெற்குப் பக்கம் போக வேண்டியிருப்பதால், மேசைக்கால்களுக்கு அடியில் கொடுத்து இழுக்க நான்கு சாக்குத் துண்டுகளை மடித்து இப்போதே பரணில் போட்டுவையுங்கள். சக்கரம் பொருத்த வேண்டாம். ஒரு மழைக்காலத்திலேயே துருப்பிடித்து நின்றுவிடும்.